வெயிலும் மழையும் தாங்கும் குஷன்: மொட்டை மாடி, பால்கனி நாற்காலிகளுக்கு முழுமையான வழிகாட்டி

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்து இரண்டு நாள் கழித்து மாடிக்குப் போனேன். சோபா மேல் கிடந்த குஷனைத் தூக்கினால் ஒரு கைக்கு வரவில்லை. இரண்டு கையால் இழுத்ததும் ஓரத்துத் தையல் வழியாகப் பழுப்புத் தண்ணீர் சொட்டியது. ஜிப்பை நகர்த்தப் பார்த்தேன், துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. கத்தரிக்கோலால் உறையைக் கிழித்துப் பார்த்தபோது உள்ளே ஸ்பாஞ்ச் முழுக்கக் கறுப்புப் புள்ளி. புயலால் வந்தது இல்லை அது. அக்டோபர் மழையிலிருந்தே உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பூத்திருக்கிறது. மேலே துணி பளபளவென்று புதிதாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. "இதை வெச்சிருந்தா வீடே நாறும், தூக்கிப் போடு" என்றார் அம்மா. ஆறு குஷனும் குப்பைக்குப் போயின.

வாங்கும்போது "முழு வாட்டர்ப்ரூஃப்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அது பொய்யும் இல்லை. துணி தண்ணீர் விடாத துணிதான். உள்ளே போன தண்ணீரையும் அது வெளியே விடவில்லை என்பதுதான் கோளாறு. புதிய குஷனுக்காகக் கார் சீட் கவர் தைக்கும் ஒருவரிடம் போனபோது அவர் சொன்னார்: "துணியக் குறை சொல்லாதீங்க சார். ஊசி இறங்குன இடமெல்லாம் ஓட்டைதானே? தண்ணி உள்ள போகத்தான் செய்யும். போனது எந்த வழியா வெளிய வரும்னு கேட்டு வாங்கியிருக்கணும்."

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் அதற்குப் பிறகு துணி, ஸ்பாஞ்ச், நூல், ஜிப் எல்லாவற்றையும் பார்க்கக் கற்றுக்கொண்டேன். கீழே உள்ள ஒவ்வொரு படியிலும் அது திரும்பத் திரும்ப வரும்.

முதல் படி: குஷனுக்கு முன்னால் இடத்தைப் பாருங்கள்

வெளியில் போடும் குஷன் என்று ஒரே வகை கிடையாது. மேலே கூரை, மூன்று பக்கம் சுவர் உள்ள சிட்-அவுட்டில் போடுவது ஒன்று. சாரல் அடிக்கும் பால்கனி வேறு. திறந்த மொட்டை மாடி முற்றிலும் வேறு. முதலாவதற்கு விலை உயர்ந்த துணி வாங்குவது வீண் செலவு. மூன்றாவதற்கு மலிவாக வாங்கினால் ஒரே வருடத்தில் இன்னொரு முறை வாங்க வேண்டி வரும்.

உங்கள் பால்கனி எந்த வகை என்று சந்தேகமா? நல்ல மழை நாளில், மழை நின்ற உடனே தரையைப் பாருங்கள். ஈரம் எதுவரை வந்திருக்கிறதோ அங்கே ஒரு சாக்பீஸ் கோடு போடுங்கள். சென்னையில் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கொட்டுகிறது. அந்த மழை பெரும்பாலும் கடல் பக்கமிருந்து காற்றோடு வருவதால் கிழக்கும் வடக்கும் பார்த்த பால்கனிகள் அதிகம் நனையும். கன்னியாகுமரியிலோ நீலகிரியிலோ இருந்தால் ஜூன் மாதத் தென்மேற்குப் பருவமழையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அடுத்து வெயில். மேற்குப் பால்கனியில் மழை குறைவாக விழலாம், ஆனால் மதியம் இரண்டு மணி முதல் ஐந்து வரை வெயில் நேராக அடிக்கும். துணியை மட்க வைப்பதில் மழையைவிட வெயிலின் புற ஊதாக் கதிருக்கே பங்கு அதிகம். கடற்கரையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் வீடு என்றால் உப்புக் காற்றும் உண்டு. இரும்பு ஜிப், இரும்பு ஐலெட் (துணித் துளையில் பதிக்கும் வளையம்) எல்லாம் அங்கே வேண்டவே வேண்டாம். மாமரத்தடியில் இருக்கை போட்டிருந்தால் பிசின் போன்ற ஒட்டல் சொட்டும். காக்காவும் புறாவும் உட்காரும் இடம் என்றால் எச்சத்துக்கும் ஏற்பாடு வேண்டும்.

நாற்காலியின் இருக்கையையும் குனிந்து பாருங்கள். பிரம்போ விக்கரோ பட்டைப் பலகையோ என்றால் இடைவெளி வழியாகத் தண்ணீர் கீழே இறங்கிவிடும். தட்டையான பலகையோ ஃபைபர் தகடோ என்றால் குஷனுக்கு அடியில் தண்ணீர் குளமாக நிற்கும். அப்படிப்பட்ட இருக்கையில் நான்கைந்து துளை போடச் சொல்லுங்கள். தச்சருக்குப் பத்து நிமிட வேலை, ஆனால் குஷனின் ஆயுளே அதில் இருக்கிறது. புதுத் தேக்கு என்றால் முதல் மழைகளில் பழுப்புச் சாயம் இறங்கும். வெளிர் நிறக் குஷனை உடனே அதன் மேல் போடாதீர்கள்.

இரண்டாம் படி: துணி

இங்கேதான் அதிகம் ஏமாறுகிறோம், எனவே நிதானமாகப் பார்ப்போம்.

துணிக்குச் சாயம் ஏற்ற இரண்டு வழிகள். ஒன்று, வெள்ளை நூலையோ துணியையோ சாயத்தில் முக்குவது. மற்றது, இழையாக இழுப்பதற்கு முன்பே உருகிய நிலையில் அல்லது கரைசலில் இருக்கும் பிளாஸ்டிக்கோடு நிறத்தைக் கலந்துவிடுவது. இரண்டாவதை சொல்யூஷன் டை என்பார்கள். சிவப்பு முள்ளங்கியை வெட்டினால் தோலில் மட்டும்தான் நிறம், உள்ளே வெள்ளை. மஞ்சள் கிழங்கை எங்கே உடைத்தாலும் மஞ்சள்தான். சொல்யூஷன் டை துணி மஞ்சள் கிழங்கு மாதிரி. வெயில் மேற்பரப்பைத் தின்றாலும் அடியில் அதே நிறம் இருக்கிறது. அச்சடித்த துணிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அழகான பூப்போட்ட அச்சுத் துணி கத்திரி வெயில் ஒன்றைப் பார்த்தாலே வெளிற ஆரம்பித்துவிடும். அச்சா இல்லையா என்று தெரிய வேண்டுமா? துணியைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்க நிறம் பின்பக்கம் மங்கலாகவோ வெள்ளையாகவோ இருந்தால் அச்சு.

இனி இழை வகைகள்.

ஆக்ரிலிக்: வெளியில் போடுவதற்கு இதைவிட நல்ல துணியை நான் பார்க்கவில்லை. 1961-இல் அமெரிக்காவில் சன்பிரெல்லா என்ற பெயரில் கடை முகப்பின் வெயில் மறைப்புக்காக வந்த துணி இந்த இனம்தான். வருடக்கணக்கில் வெயிலில் தொங்குவதற்கென்றே பிறந்தது. கைக்குப் பருத்தி போலவே இருக்கும், காற்று புகும், சீக்கிரம் காயும். விலைதான் சாதாரணப் பாலியெஸ்டரைவிடப் பல மடங்கு. திறந்த மொட்டை மாடிக்கு, பணம் இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்கலாம்.

ஓலிஃபின்: பாலிப்ரொப்பிலீன் இழை. ஆக்ரிலிக்கைவிட மலிவு, தண்ணீரை இழை குடிக்கவே குடிக்காது. இரண்டு பலவீனம் உண்டு. இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகும். எண்ணெய்க் கறை ஏறினால் இறங்காது. தலையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு சாய்ந்து உட்காரும் வீடுகளில் சாய்மானத்துக்கு மட்டும் மேலே ஒரு துண்டு போடும் பழக்கம் வேண்டும்.

பாலியெஸ்டர்: கடைகளில் பத்துக்கு ஒன்பது இதுதான். கூரை உள்ள சிட்-அவுட்டுக்குத் தாராளமாகப் போதும், சொல்யூஷன் டை ஆக இருந்தால் சாரல் பால்கனிக்கும் ஆகும். பின்பக்கம் பளபளப்பான பூச்சு இருக்கிறதா பாருங்கள். அது பி.யூ. (பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்) பூச்சாக இருந்தால் நம் ஊர்ப் புழுக்கத்தில் சில வருடங்களில் பிசுபிசுத்து உரியும். பி.யூ. லெதர் சோபா தோல் உரிந்து செதில் செதிலாகக் கொட்டுவதைப் பல வீடுகளில் பார்த்திருப்பீர்கள். காற்றில் இருக்கும் ஈரமே அந்தப் பிளாஸ்டிக்கை மெல்ல உடைக்கிறது, உபயோகிக்காமல் மூடி வைத்தாலும் உடைக்கும். எனவே "லெதர் ஃபினிஷ்" குஷனை வெளியில் போட நான் யாருக்கும் சொல்வதில்லை. கார் சீட்டுக்குப் போடும் பி.வி.சி. ரெக்சின் இதைவிட நாள்படும். ஆனால் வெயிலில் சுடும், வேர்த்து முதுகோடு ஒட்டும்.

பருத்தி, சணல், கைத்தறி: மனசுக்கு இவைதான் பிடிக்கும், எனக்கும். ஆனால் பருத்தி பூஞ்சைக்குச் சாப்பாடு. மாலையில் கொண்டுவந்து போட்டு இரவில் உள்ளே எடுத்து வைக்க முடியும் என்றால் மட்டும் வாங்குங்கள். கரூரிலிருந்து ஏற்றுமதிக்குப் போய் மிஞ்சிய குஷன் உறைகள் கடைகளில் அழகழகாகக் கிடைக்கும். அவற்றில் பெரும்பாலானவை வீட்டுக்குள் போடும் பருத்தி என்பதை மறக்க வேண்டாம்.

கடைக்காரர் சொல்வதை நம்பாமல் நீங்களே பார்க்கச் சில சோதனைகள். ஒரு சாண் துணி மாதிரி கேட்டு வாங்கி வீட்டுக்கு எடுத்து வாருங்கள்.

ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, சிறு துணுக்காக வெட்டி, ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரில் போட்டு விரலால் அமுக்கி விடுங்கள். மேலே வந்து மிதந்தால் ஓலிஃபின். அந்த இழை தண்ணீரைவிட லேசு. மூழ்கினால் பாலியெஸ்டரோ ஆக்ரிலிக்கோ பருத்தியோ. மூழ்கியதில் பருத்தி எது என்று தெரிய, இன்னொரு நூலை இடுக்கியில் பிடித்து, சிங்க் மேல் வைத்துத் தீக்குச்சி காட்டுங்கள். காகிதம் போல எரிந்து மெல்லிய சாம்பலானால் பருத்தி. உருகிக் கெட்டியான மணியானால் செயற்கை இழை.

அடுத்தது, துணியை வாயில் வைத்து ஊதுங்கள். மூச்சு மறுபக்கம் போகிறதா? போனால் உள்ளே புகும் ஈரம் ஆவியாக வெளியேறும். துளிகூடப் போகவில்லை என்றால் அது பூச்சு போட்ட துணி. அதை வாங்குவதாக இருந்தால் அடிப்பக்கம் கட்டாயம் வலைத் துணி வைக்க வேண்டும். பிறகு ஒரு ஸ்பூன் தண்ணீரைத் துணி மேல் விடுங்கள். தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு நின்றால் நல்லது. அந்தத் தன்மை ரசாயனப் பூச்சால் வருவது, துவைக்கத் துவைக்கக் குறையும். அதை மட்டும் நம்பி வாங்கக் கூடாது.

நல்ல துணிக்காரர்களிடம் சாயம் வெயிலுக்கு எவ்வளவு தாங்கும் என்பதற்கு எண் இருக்கும். ஐ.எஸ்.ஓ. 105-பி02 என்ற சோதனையில் 1 முதல் 8 வரை மதிப்பெண். திறந்த வெளிக்கு 7-க்குக் குறைந்ததை எடுக்காதீர்கள்.

மூன்றாம் படி: உள்ளே என்ன இருக்கிறது?

உறையை எல்லாரும் தடவிப் பார்க்கிறோம், ஜிப்பைத் திறந்து யாரும் பார்ப்பதில்லை. என் ஆறு குஷன்களும் உள்ளிருந்துதான் செத்தன.

வீட்டுச் சோபாவில் இருக்கும் சாதாரண ஸ்பாஞ்ச் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு கணக்குப் பாருங்கள். 20 அங்குல நீளம், 20 அங்குல அகலம், 4 அங்குல கனம் உள்ள குஷனுக்குள் ஏறத்தாழ 26 லிட்டர் இடம் இருக்கிறது. அதில் பாதி தண்ணீர் நிறைந்தால்கூட 13 கிலோ. அன்று ஒரு கைக்கு வராமல் போனதற்குக் காரணம் இதுதான். மேல் பக்கம் ஒரு நாளில் காய்ந்துவிடும், நடுப்பகுதி காய ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம், அதற்குள் அடுத்த மழை வந்துவிடும்.

திறந்த இடத்துக்கு வேண்டியது குயிக் டிரை ஃபோம். மீன் தொட்டி ஃபில்டரில் இருக்கும் கறுப்பு ஸ்பாஞ்சைப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் துளைகள், துளைகளுக்கு நடுவே சவ்வு கிடையாது. இதுவும் அதே குடும்பம். கடையில் ஒரு துண்டைக் கையில் வைத்து மேலே ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். அடுத்த நொடியே உள்ளங்கை நனைய வேண்டும். எனக்குச் சீட் கவர் கடையில் செய்து காட்டினார்கள். ஊற்றிய வேகத்தில் தண்ணீர் கீழே போய் என் செருப்பெல்லாம் நனைந்தது. பக்கத்தில் சாதாரண ஸ்பாஞ்ச் துண்டு அதே ஒரு டம்ளரைக் குடித்துவிட்டு ஒன்றும் தெரியாதது போல உட்கார்ந்திருந்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். பணம் இரண்டில் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், துணியைச் சற்று மலிவாக எடுத்து ஃபோமை நல்லதாக வாங்குங்கள். உறையை இரண்டு வருடம் கழித்து மாற்றிக்கொள்ளலாம்.

கூரை உள்ள இடத்துக்குச் சாதாரண ஃபோமே போதும், அதில் டென்சிட்டி பாருங்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதே அந்த எண். 40 டென்சிட்டி என்று சொல்லி 32 கொடுப்பார்களோ என்ற பயம் இருந்தால் தராசில் வைக்கச் சொல்லுங்கள். மேலே சொன்ன 20, 20, 4 அங்குலத் துண்டு 32 டென்சிட்டி என்றால் சுமார் 840 கிராம், 40 என்றால் சுமார் 1 கிலோ 50 கிராம் இருக்கும். தினமும் உட்காரும் இருக்கைக்கு 40 எடுங்கள், சாய்மானத்துக்கு 32-க்குக் குறையாமல் இருந்தால் சரி.

சாய்மானத் திண்டுகளுக்குப் பாலியெஸ்டர் ஃபைபர் அடைக்கலாம். சீக்கிரம் காயும், துவைக்கலாம், காலப்போக்கில் கட்டி கட்டியாகும், அவ்வளவுதான். இலவம்பஞ்சு பற்றிப் பெரியவர்கள் கேட்பார்கள். அந்த இழை மேல் இயற்கையாகவே மெழுகு இருக்கிறது, தண்ணீரில் மிதக்கும், முன்பு உயிர்காக்கும் மிதவை அங்கிகளில்கூட அடைத்தார்கள். இருந்தும் வெளியில் போட்டு, மழையில் ஊறி, நிழலில் காயாமல் கிடந்தால் அதுவும் வீணாகிவிடும். இலவம்பஞ்சு மெத்தையை நம் வீடுகளில் வெயிலில் போட்டு அடித்து எடுத்தார்களே, அந்த உழைப்பு இருந்தால்தான் அது நிலைக்கும்.

நான்காம் படி: நூல், ஜிப், அடிப்பக்கம்

பருத்தி நூலில் தைத்தால் துணி நன்றாக இருக்கும்போதே தையல் பிரியும். நைலான் நூலும் வெயிலில் வலுவிழக்கும். வெயில் தாங்கும் பாலியெஸ்டர் நூல் வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஜிப் பிளாஸ்டிக் பல் உள்ளதாக இருக்கட்டும், இழுக்கும் தலையும் துருப்பிடிக்காததாக இருக்க வேண்டும். ஜிப்பைப் பின்பக்கம், அடி ஓரமாக வைத்து மேலே ஒரு மடிப்பு விடச் சொல்லுங்கள்.

அடிப்பக்கத் துணிக்குப் பதிலாக வலை. "தண்ணீர் எந்த வழியாக வெளியே வரும்?" என்பதற்கான விடை இதுதான். முழு அடிப்பக்கமும் வலை வைப்பது நல்லது, இல்லாவிட்டால் பின் ஓரத்தில் நான்கு விரல் அகலப் பட்டையாவது வேண்டும். பிளாஸ்டிக் இழை வலைதான் வேண்டும், பருத்தி வலை வேண்டாம்.

பைப்பிங் (ஓரத் தையலில் உருட்டி வைக்கும் கரை) பற்றி ஒரு சின்ன விஷயம், பலர் கவனிப்பதில்லை. ஓரத்து பைப்பிங் உள்ளே வழக்கமாகப் பருத்திக் கயிறு ஓடும். அது விளக்குத் திரி மாதிரி தண்ணீரை உறிஞ்சி ஓரம் முழுவதும் பரப்பும், முதல் கறுப்புப் புள்ளி அங்கேதான் தெரியும். பிளாஸ்டிக் கயிறு வைக்கச் சொல்லுங்கள், அல்லது பைப்பிங்கே வேண்டாம் என்று விட்டுவிடுங்கள்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், குஷன் எம்மாத்திரம். நாற்காலியில் கட்ட நான்கு மூலையிலும் நாடா வேண்டும். அதே துணியில் தைத்த நாடாவாக, தையலுக்குள் இரண்டு முறை ஓட்டியதாக இருக்கட்டும்.

ஐந்தாம் படி: அளவும் நிறமும்

இருக்கையின் உள் அளவை மூன்று இடத்தில் எடுங்கள்: முன்னால், நடுவில், பின்னால். பல நாற்காலிகள் பின்பக்கம் குறுகும். ஃபோமை உறையைவிட அரை அங்குலம் பெரிதாக வெட்டினால்தான் உறை சுருங்காமல் விறைப்பாக நிற்கும். சுருக்கம் விழுந்த இடத்தில் தண்ணீர் தேங்கும். உட்காரும் உயரத்தையும் பாருங்கள். 4 அங்குலக் குஷன் போட்டதும் கால் தரையில் எட்டவில்லை என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் 3 அங்குலமாகக் குறையுங்கள்.

நிறத்தில் என் கருத்து இது: கருநீலம், கறுப்பு மே மாத மதியத்தில் உட்கார முடியாதபடி சுடும். தூய வெள்ளையில் காக்கா எச்சமும் புழுதியும் கண்ணை உறுத்தும். மணல் நிறம், சாம்பல், வெளிர் பச்சை நம் ஊருக்குச் சரி.

ஆறாம் படி: ரெடிமேடா, தைப்பதா?

நிலையான அளவு நாற்காலி, கூரை உள்ள இடம் என்றால் ரெடிமேட் போதும். ஜிப்பைத் திறந்து காட்டாத, அல்லது ஜிப்பே இல்லாத குஷனை மட்டும் வாங்காதீர்கள். ஊஞ்சல், திண்ணை, பழைய பிரம்பு சோபா என்றால் தைப்பதுதான் வழி. சோபா ரிப்பேர் செய்பவரைவிடக் கார் சீட் கவர் தைப்பவர் இந்த வேலைக்கு ஏற்றவர் என்பது என் அனுபவம். கனமான துணி தைக்கும் மெஷின், தடித்த பாலியெஸ்டர் நூல், வெயில் பற்றிய அறிவு மூன்றும் அவரிடம் இருக்கிறது. சென்னையில் ஜி.பி. ரோடு பக்கம் அப்படிப்பட்ட கடைகள் வரிசையாக உண்டு. முதலில் ஒரே ஒரு குஷன் தைத்து வாங்கி, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, எத்தனை மணி நேரத்தில் காய்கிறது என்று பார்த்துவிட்டு மற்றவற்றுக்குச் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் செலவு செய்ய முடியாது என்றால் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஒயர் பின்னிய நாற்காலிக்குக் குஷனே வேண்டாம், மழை பெய்தால் தானே வடிந்துவிடும்.

வாங்கிய பிறகு

மழையில் நனைந்த குஷனைப் படுக்க வைத்துக் காயப் போடாதீர்கள். ஜிப் இருக்கும் பக்கம் கீழே வரும்படி, சுவரில் சாய்த்து நிமிர்த்தி வையுங்கள். தண்ணீர் முழுக்க ஒரே பக்கமாக இறங்கி வடியும். படுத்த குஷனுக்கும் நிமிர்ந்த குஷனுக்கும் காய்வதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

மாதம் ஒருமுறை உலர்ந்த பிரஷ்ஷால் தூசு தட்டுங்கள். பூஞ்சை பெரும்பாலும் செயற்கை இழையைத் தின்பதில்லை, மேலே படிந்த தூசு, வியர்வை, சிந்திய காபி, முறுக்குத் துகள் இவற்றைத்தான் தின்று வளர்கிறது. கழுவ மிதமான சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும். சோப்பு முழுவதும் போகும்வரை அலசுங்கள், மிச்சம் இருந்தால் அது அழுக்கைப் பிடிக்கும். ப்ளீச் போடுவதென்றால் சொல்யூஷன் டை ஆக்ரிலிக்குக்கு மட்டும், அதுவும் தண்ணீர் கலந்துதான். பறவை எச்சத்தை அன்றன்றே ஈரத் துணியால் ஊறவைத்து எடுத்துவிடுங்கள், வெயிலில் இறுகினால் சாயத்தைக் கெடுக்கும்.

அக்டோபர் பிறந்ததும் தினம் உட்காராத குஷன்களை எடுத்து வைத்துவிடுவது நல்லது. இரண்டு நாள் நல்ல வெயிலில் காய வைத்து, பழைய வேட்டியிலோ பெட்ஷீட்டிலோ சுற்றிப் பரணில் வையுங்கள். பாலிதீன் பையில் போட்டுக் கட்ட வேண்டாம், உள்ளே மிஞ்சிய ஈரம் வெளியேற வழியில்லாமல் போகும்.

உறையின் உட்பக்கத்தில் அழியாத பேனாவால் தைத்த மாதத்தையும் வருடத்தையும் எழுதி வையுங்கள். எது எவ்வளவு நாள் உழைத்தது என்று அடுத்த முறை வாங்கும்போது தெரியும். எங்கள் வீட்டுக் குஷன்களில் "2024 பிப்ரவரி" என்று எழுதியிருக்கிறது. அதன் பிறகு வந்த வடகிழக்குப் பருவமழையில் இரண்டை மட்டும் வேண்டுமென்றே மாடியிலேயே விட்டுப் பார்த்தேன். மழை விட்டதும் நிமிர்த்தி வைத்து, மறுநாள் மாலை உறையைத் திறந்து கையை உள்ளே விட்டால் ஃபோம் நடுவில்கூட ஈரம் இல்லை. ஜிப் ஒரு விரலில் நகர்ந்தது.